புளியங்கொட்டை ஒப்படை: வன்னியில் முன்பள்ளி ரீச்சர்மாருக்கான இணையப் பயிற்சி

இணையப் பயிற்சி ஒன்று வைப்பதென்றால் ஏற்பாட்டாளர்கள் முதலில் நல்ல வளவாளரைத் தேடுவார்கள். பிறகு சூம் இணைப்பு, நேர அட்டவணை. அடுத்த நாள் வகுப்பில் ரீச்சர் எதைச் செய்து பார்க்கப் போகிறா என்பதை யாரும் கேட்பதில்லை. பயிற்சி பிசகுவது அங்கேதான்.

டேட்டாக் கணக்கை முதலில் பார்ப்போம். கமராவைப் போட்டுக்கொண்டு ஒரு மணித்தியாலம் குழுவாகச் சூமில் இருந்தால் 1 ஜிபி அளவில் போய்விடும். குரல் மட்டுமென்றால் 40 எம்பி அளவு. 5 நிமிட வட்ஸ்அப் குரல்பதிவு சுமார் 1 எம்பிதான். ஆகவே விளக்கங்களைக் குரல்பதிவாக முன்கூட்டியே அனுப்பிவிட்டு, சூமைக் கேள்வி பதிலுக்கு மட்டும் வையுங்கள். இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் வெட்டுவதும் நல்லதுக்குத்தான். வளவாளர்களுக்கு வேறு கடிவாளம் இல்லை. துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கத்து உள்கிராமங்களில் கவரேஜ் சரியில்லாத இடமென்றால், நாலைந்து ரீச்சர்மார் ஒரு முன்பள்ளியில் கூடி ஒரே போனில் ஸ்பீக்கர் போட்டுக் கேட்கலாம். கார்த்திகை, மார்கழியில் அதுவும் சரிவராது. தகரக் கூரையில் மழை விழுந்தால் ஒன்றும் கேட்காது.

இனி ஒப்படை, அதாவது ரீச்சர்மார் செய்து அனுப்ப வேண்டிய வேலை. ‘விளையாட்டின் முக்கியத்துவம்’ என்று இரண்டு பக்கம் எழுதச் சொன்னால், ஒருவர் எழுதியதைப் பார்த்து எல்லாரும் எழுதிப் படமெடுத்து அனுப்புவார்கள். அதற்குப் பதிலாக 2 நிமிட வீடியோ ஒன்று கேளுங்கள்.

நாலு வயதுப் பிள்ளை ஒன்றின் முன்னால் 5 புளியங்கொட்டையை வைத்து, “எத்தனை இருக்கு?” என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு கொட்டையையும் ஒரு தடவைதான் தொடுகிறதா? எண்களை ஒழுங்காகச் சொல்கிறதா? எண்ணி முடிந்ததும், “அப்ப எத்தனை?” என்று திரும்பக் கேட்டுப் பாருங்கள். உடனே “அஞ்சு” என்றால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது பிடிபட்டிருக்கிறது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினால் இன்னும் பிடிபடவில்லை. அந்த வயதில் அது குறையல்ல, இன்னும் எண்ணிப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

இதில் அடிக்கடி பிழை வருவது ரீச்சரின் பக்கம்தான். பிள்ளை தயங்கியதும் கூடச் சேர்ந்து எண்ணத் தொடங்குவா, அல்லது விரலைப் பிடித்து நகர்த்துவா. பிறகு பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதே தெரியாமல் போய்விடும். கேட்டுவிட்டு 5 செக்கன் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். இருந்தாவா இல்லையா என்பதை வீடியோ ஓடும் நேரமே காட்டிக் கொடுக்கும்.

போனைப் பிள்ளையின் தோளுக்குப் பின்னால் சாய்த்து வைத்தால் கையும் கொட்டையும் தெரியும், முகம் தெரியாது. அப்படியிருந்தும் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். வீடியோவின் தரம் 720பி போதும். 1080பியில் எடுத்தால் ஒரு நிமிடமே 100 எம்பியைத் தாண்டலாம். வட்ஸ்அப்பில் டொகியுமன்டாக அனுப்பாமல் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அதுவே சுருக்கிக்கொள்ளும். முடிந்ததும் கொட்டைகளை எண்ணி எடுத்து வையுங்கள். மூக்குக்குள் ஒன்று போனால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வரும்.

பின்னூட்டம் இரண்டு நாளுக்குள் போக வேண்டும், தனிக் குரல்பதிவாக, ஒரேயொரு திருத்தத்தோடு. குழுவில் எல்லாருக்கும் முன்னால் பிழை சொன்னால் அடுத்த ஒப்படைக்கு வீடியோ வராது, “நெட் இல்லை” என்ற பதில்தான் வரும். ஒரு மாதம் கழித்து அதே பிள்ளையோடு அதே வேலையைத் திரும்ப எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சான்றிதழுக்குச் சூம் வருகைப் பதிவை எடுக்காமல் இந்த இரண்டு வீடியோவையும் எடுங்கள்.