அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பர்சனல் டிபார்ட்மென்ட்டில் இருக்கிறேன். ஆள் எடுப்பது, லேபர் கான்ட்ராக்டர்களோடு பேசுவது, ஷிப்ட் பஸ் ஏற்பாடு செய்வது எல்லாம் என் மேஜைக்கு வரும் வேலைகள். எங்கள் கேட்டிலிருந்து கர்நாடக எல்லை கூப்பிடு தூரம். ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகத்து அத்திப்பள்ளி. எங்கள் பஸ்களில் பாதி சூளகிரி, கிருஷ்ணகிரி, தேன்கனிக்கோட்டை பக்கம் போகும். மீதி அத்திப்பள்ளி, சந்தாபுரம், ஆனேக்கல் பக்கம் போகும். அதனால் பக்கத்து மாநிலத்துக்காரர் மேல் வரும் கோபத்தைப் பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை எனக்கு இல்லை. வருகைப் பதிவேட்டிலேயே தெரிந்துவிடும். காவிரி விஷயத்தில் ஒரு தீர்ப்பு வந்தால் மறுநாள் எந்த பஸ்ஸை நிறுத்த வேண்டும், எந்த லைனில் ஆள் குறையும் என்று முந்தின இரவே கணக்குப் போட்டுவிடுவோம்.

இந்த வேலையில் இத்தனை வருஷம் இருந்ததில் எனக்கு உறுதியாகப் பட்டது ஒன்று உண்டு. வெளி மாநிலத்தவர் மேல் உள்ளூர்க்காரருக்கு வரும் எரிச்சலுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு நியாயமான குறை இருக்கிறது. ஆனால் அந்தக் குறையை உண்டாக்கியவர் ஒருவர், அடி வாங்குபவர் இன்னொருவர்.

முதலில் இங்கே உள்ளூர்க்காரர் யார் என்பதே லேசில் சொல்லிவிடக்கூடியது இல்லை. ஓசூர், தளி, பாகலூர் பக்கத்துப் பழைய குடும்பங்களில் பல வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவை. 1956-ல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது கோடு எங்கே விழுந்ததோ, அந்தப் பக்கத்து மாநிலத்துக்காரர்கள் ஆகிவிட்டார்கள். அப்புறம் 70-களில் சிப்காட் வந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஆலைகள் வரிசையாக வந்தன. சேலம், தர்மபுரி, மதுரை, திருநெல்வேலி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஐ.டி.ஐ. படித்த பையன்கள் வந்து இறங்கினார்கள். ஊர்க்காரர்கள் கண்ணுக்கு அன்றைக்கு வந்தேறி யார் என்றால், தமிழ் பேசும் நாங்கள்தான்.

ஒரு நேர்முகத் தேர்வின்போது நடந்தது இது. வெளியே காத்திருந்த தென்மாவட்டத்துப் பையன் ஒருவன், பக்கத்தில் இருந்தவன் போனில் கன்னடம் பேசியதைக் கேட்டுவிட்டு, "கர்நாடகாக்காரனை எல்லாம் எதுக்கு சார் கூப்பிடுறீங்க? நம்ம ஊர்ல நமக்கே வேலை இல்ல" என்றான். போனில் பேசிய பையனுக்குச் சொந்த ஊர் தளி. தாத்தா காலத்து ராகி நிலம் இன்னும் அங்கே இருக்கிறது. அவன் கோபப்படவில்லை. ஆதார் கார்டை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, "எங்க பெரியப்பா நிலமும் சிப்காட்டுக்குத்தான் போச்சு" என்று மட்டும் தமிழில் சொன்னான். அந்தத் தளிப் பையனுக்குப் பள்ளிக்கூடத்திலும் ஒரு மனக்குறை இருந்தது. 2006-ல் வந்த தமிழ் கற்கும் சட்டப்படி வருஷத்துக்கு ஒரு வகுப்பாக ஏறிக்கொண்டே போன தமிழ்ப் பாடம் 2016-ல் பத்தாம் வகுப்பை எட்டியது. கன்னட, தெலுங்கு வழிப் பள்ளிகளில் படித்தவர்கள் அப்போது பட்ட பாட்டை இந்தப் பக்கத்துப் பெற்றோர்கள் இன்னும் மறக்கவில்லை. தமிழ் எல்லோரும் கற்க வேண்டிய மொழி என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. போதுமான வாத்தியார்களைப் போட்டுவிட்டுப் பரீட்சை வைத்திருந்தால் அந்தக் கசப்பே வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

சரி, 2016-ல் காவிரிக்காக நடந்த கலவரத்துக்கு வருகிறேன். செப்டம்பர் 5-ம் தேதி உச்ச நீதிமன்றம் கர்நாடகத்தைத் தமிழ்நாட்டுக்கு 10 நாளைக்கு நொடிக்கு 15,000 கனஅடி திறந்துவிடச் சொன்னது. 12-ம் தேதி, திங்கட்கிழமை, அதை 12,000 ஆகக் குறைத்து 20-ம் தேதி வரைக்கும் நீட்டியது. அதற்கு முன்பே இரண்டு பக்கமும் செல்போனில் வீடியோக்கள் சுற்ற ஆரம்பித்துவிட்டன. பெங்களூரில் ஒரு தமிழ் மாணவரை ஃபேஸ்புக் பதிவுக்காக அடித்தார்கள். ராமேஸ்வரத்தில் கர்நாடக வண்டி டிரைவரை அடித்தார்கள். சென்னையில் கர்நாடகக்காரர் நடத்தும் ஓட்டலைத் தாக்கினார்கள். 12-ம் தேதி மதியத்துக்கு மேல் பெங்களூரில் டி.என். நம்பர் வண்டிகள் எரிய ஆரம்பித்தன. மைசூர் ரோட்டுப் பக்கம் ஒரு டிப்போவில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட கே.பி.என். பஸ்கள் சாம்பலாயின. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஓர் இளைஞர் இறந்தார். 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு போட்டார்கள்.

எங்களுக்கு அது முதல் ஷிப்ட் முடிகிற நேரம். சந்தாபுரம், ஆனேக்கல் பக்கத்துப் பெண்கள் ஒரு பஸ் நிறைய கேட்டுக்குள்ளேயே நின்றார்கள். எல்லையில் போக்குவரத்து நின்றுவிட்டது. அதே நேரம் எங்கள் டி.என். 70 பஸ் ஒன்று அடுத்த ஷிப்ட் ஆட்களை ஏற்றப் போய்ச் சந்தாபுரத்தில் மாட்டிக்கொண்டது. அதன் டிரைவர் சூளகிரிக்காரர். போனில் அவர் குரல் நடுங்கியது. வண்டியை ஒரு பஞ்சர் கடைக்குப் பின்னால் விட்டுவிட்டு, கண்ணாடியில் ஒட்டியிருந்த 'முனீஸ்வரன் துணை' என்ற தமிழ் எழுத்துகளை பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தார். பஞ்சர் கடைக்காரர் கன்னடர். அவர் பிளேடைப் பிடுங்கிவிட்டு, "முனேஸ்வரா எங்க சாமியும்தான், அதை விடு, முதல்ல நம்பரை மறை" என்று சொல்லி, நனைத்த சாக்கை எடுத்து முன்னாலும் பின்னாலும் நம்பர் பிளேட்டில் கட்டினாராம். டிரைவர் அன்று இரவு சாப்பிட்டதும் படுத்ததும் அந்தக் கடைக்காரர் வீட்டில்.

இந்தப் பக்கம் பெண்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் எங்களுடைய இன்னொரு டிரைவர், ஆனேக்கல்காரர். அவருடையது கே.ஏ. 51 வண்டி. ஓசூருக்குள் அந்த நம்பரோடு போவதும் அன்றைக்கு ஆபத்துதான். "மெயின் ரோடு வேண்டாம் சார், தளி வழியா ஆனேக்கல் போயிடறேன்" என்றார். "அண்ணா, ஜாக்கிரதை" என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. போய் இறக்கிவிட்டு, ஒவ்வொருவரும் வீட்டுக்குள் போனதைப் பார்த்துக்கொண்டு, ராத்திரி போன் செய்தார். மறுநாள் பக்ரீத் விடுமுறை. அதற்கு அடுத்தடுத்த நாட்களில் அந்தப் பெண்கள் அத்திப்பள்ளி வரை பஸ்ஸில் வந்து, எல்லையை நடந்தே தாண்டி, ஜூஜூவாடியில் எங்கள் வண்டி ஏறினார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தச் சாலையில் நடந்த குடும்பங்களை எல்லாம் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள்.

எங்கள் ஆபரேட்டர்களில் வயதான சிலர் இதைப் பார்த்து 1991-ஐ நினைத்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டுக்கு வருஷத்துக்கு 205 டி.எம்.சி. தர வேண்டும் என்ற காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு டிசம்பரில் அரசிதழில் வந்ததும் பெங்களூரில் நடந்த கலவரத்தில் வீட்டை விட்டு ஓசூருக்கு ஓடி வந்து, இங்கேயே தங்கிவிட்டவர்கள் அவர்கள்.

அடி வாங்கியவர்களைக் கவனியுங்கள். லாரி டிரைவர், பஸ் டிரைவர், தள்ளுவண்டிக்காரர், கூலி வேலைக்குப் போனவர். அணையில் தண்ணீர் எவ்வளவு இருக்க வேண்டும் என்று முடிவு செய்பவர்கள் யாரும் நம்பர் பிளேட்டோடு நடுரோட்டில் நிற்பதில்லை. மண்டியாவில் கரும்பு காய்ந்த விவசாயிக்கும் தஞ்சாவூரில் குறுவை போன விவசாயிக்கும் இருந்த வேதனை உண்மையானது. எரிந்த பஸ்களால் இருவருக்கும் ஒரு மடை தண்ணீர்கூட வந்து சேரவில்லை.

தண்ணீர் விவகாரம் எப்போதாவது வெடிப்பது. வேலை விவகாரம் தினமும் புகைவது. அதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என் மேஜையில் நடக்கிறது.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு எங்கள் பிரஸ் ஷாப்பில் (தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் பிரிவு) கான்ட்ராக்ட் ஆட்கள் பெரும்பாலும் சுற்று வட்டாரத்துப் பையன்கள். இப்போது ஒடிசா, பீகார், ஜார்கண்ட், அசாம். "ஹிந்திக்காரங்க வந்து நம்ம பொழப்பைக் கெடுத்துட்டாங்க" என்று டீக்கடையில் தினமும் கேட்கிறேன். "நம்ம பசங்க வேலைக்கு வர்றதில்ல சார், சோம்பேறி ஆயிட்டாங்க" என்று அதற்கு ஒரு பதிலும் அதே டீக்கடையில் கிடைக்கும். இரண்டும் எனக்குப் பொய்யாகத்தான் படுகிறது, கான்ட்ராக்டரின் பில்லை மாதா மாதம் சரிபார்ப்பவன் நான் என்பதால்.

சட்டப்படி வாரத்துக்கு 48 மணி நேரம். அதற்கு மேல் செய்யும் வேலைக்கு இரண்டு மடங்கு சம்பளம். கான்ட்ராக்ட் லைன்களில் 12 மணி நேர ஷிப்ட் ஓட்டிவிட்டு, கூடுதல் நேரத்துக்கு சிங்கிள் ரேட் போடுவது பல இடங்களில் வழக்கம். எங்களிடமும் இருந்தது. பாகலூர்ப் பையன் ஒரு மாதம் பார்ப்பான். அடுத்த மாதம் ஓ.டி. ஏன் டபுள் இல்லை என்று கேட்பான். ஊரில் திருவிழா, வீட்டில் சாவு என்றால் லீவு போடுவான். ஏதாவது ஒன்று என்றால் சங்கத்து அண்ணன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்துவிடுவான். 1,500 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்தவனுக்கு அந்த வசதி கிடையாது. அவன் தங்கியிருக்கும் ரூம் கான்ட்ராக்டருடையது. வரும்போது டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் கான்ட்ராக்டர். ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டால் வந்துதான் ஆக வேண்டும். இப்படி எதிர்த்துக் கேட்க முடியாத ஆளாகப் பார்த்து எடுத்ததைத்தான், உள்ளூர்ப் பையனுக்கு உழைக்கத் தெரியாது என்று வெளியே சொல்கிறோம்.

1979-லேயே வெளி மாநிலத் தொழிலாளர்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. 5 பேரோ அதற்கு மேலோ வெளி மாநிலத்திலிருந்து கூட்டி வந்தால் கான்ட்ராக்டருக்கு லைசென்ஸ் வேண்டியிருந்தது. இடம்பெயர்வுப் படியாக மாதச் சம்பளத்தில் பாதி தர வேண்டியிருந்தது. போக வர பயணச் செலவு, தங்க இடம் எல்லாம் அவர் பொறுப்பாக இருந்தது. அவர் தரவில்லை என்றால் ஆலை முதலாளி தர வேண்டியிருந்தது. அதை 2020-ல் இயற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் சேர்த்துவிட்டார்கள்; 2025 நவம்பரிலிருந்து அந்தத் தொகுப்புதான் நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டத்தை ஒழுங்காக நிறைவேற்றியிருந்தாலே வெளியிலிருந்து ஆள் கொண்டுவருவது உள்ளூர் ஆளை எடுப்பதைவிடச் செலவான காரியம் ஆகியிருக்கும். டீக்கடையில் ஹிந்திக்காரரைத் திட்டும் யாரும் இந்தச் சட்டத்தைக் கேட்டு ஒரு மனு கொடுத்து நான் பார்த்ததில்லை.

2023 மார்ச்சில், ஹோலிக்குக் கொஞ்சம் முன்னால், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. போலீஸ் டி.ஜி.பி. சைலேந்திர பாபு உடனே மறுத்தார். ஒன்றில் இருந்தது திருப்பூரில் வெளி மாநிலத் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது என்றார். பீகார் அரசு ஒரு குழுவை அனுப்பி நேரில் பார்க்கச் சொன்னது. அதற்குள் எங்கள் ரூம்களில் பாதி காலி. மிச்சம் இருந்தவர்களைப் பார்க்க நான் போனேன். ஒரு பையன் வீடியோ காலில் அம்மாவுக்குத் தன் கை, கால், முதுகு எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தான், அடி எதுவும் படவில்லை என்று. அம்மா நம்பவில்லை. போனை என்னிடம் கொடுத்தான். எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் அவன் நன்றாக இருக்கிறான் என்றேன். அந்த அம்மா அழுதுகொண்டே என்னை 'பையா, பையா' (ஹிந்தியில் அண்ணா) என்று கூப்பிட்டு, மகனை ரயில் ஏற்றிவிடச் சொன்னார். 2016-ல் சூளகிரி டிரைவரின் மனைவி ராத்திரி முழுக்க எனக்குப் போன் செய்ததுதான் அப்போது ஞாபகம் வந்தது.

இட ஒதுக்கீடு போட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். 2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் தந்தது. தனியார் ஆலைகளில் நிர்வாகப் பதவிகளில் 50 சதவீதம், மற்றவற்றில் 70 சதவீதம் உள்ளூர்க்காரருக்கு. கன்னடம் பேச, எழுத, படிக்கத் தெரிய வேண்டும். தொழில்துறையினர் எதிர்த்ததும் இரண்டே நாளில் நிறுத்திவைத்தார்கள். தமிழ்நாட்டிலும் 2021 தேர்தலில் தி.மு.க. 75 சதவீதம் என்று வாக்குறுதி கொடுத்தது. ஹரியானா கொண்டுவந்த 75 சதவீதச் சட்டத்தை 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. இந்தக் கோரிக்கைகளை வெறுப்பு என்று ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. நிலம் கொடுத்த ஊருக்கு அந்த ஆலையில் வேலை கேட்க உரிமை இருக்கிறது. ஒரு ஊருக்குப் பிழைக்கப் போகிறவர் அந்த ஊர் மொழியைக் கற்றுக்கொள்வதும் நியாயம்; பெங்களூரில் வருஷக்கணக்கில் இருந்துவிட்டுக் கன்னடத்தில் பால் வாங்கத் தெரியாத நம்மவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆனால் சதவீதத்தை மட்டும் எழுதி வைத்தால் கான்ட்ராக்டர் அதற்கும் ஒரு வழி வைத்திருப்பார். மஸ்டர் ரோல் என்ற ஆள் பதிவேட்டில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம்.

மேனேஜ்மென்ட்டுக்கு நான் எழுதிக் கொடுத்தது மூன்று விஷயம். யாராக இருந்தாலும் ஓ.டி.க்கு டபுள் ரேட். 12 மணி நேர ஷிப்ட் ஒரே ஆளுக்குத் தொடர்ந்து கூடாது. ரூம் வாடகை என்று கான்ட்ராக்டர் சம்பளத்தில் பிடிப்பதை நிறுத்த வேண்டும். ஆர்டர் கையை விட்டுப் போய்விடும் என்று பயந்தார்கள், போகவில்லை. முதலாவது நடைமுறைக்கு வந்துவிட்டது. அதற்கப்புறம் பிரஸ் ஷாப்பில் பாகலூர், தளிப் பையன்கள் மறுபடி சேர ஆரம்பித்திருக்கிறார்கள். ஒடிசாக்காரர்கள் யாரையும் அதற்காக அனுப்பவும் இல்லை. ஷிப்ட் விஷயம் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. வாடகைப் பிடித்தத்தை நிறுத்தக் கான்ட்ராக்டர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த கான்ட்ராக்ட் புதுப்பிக்கும்போது அதை நிபந்தனையாகப் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.