திருடனிடம் கொடுத்துவிடக்கூடிய தொகை

2025 ஜூலை மாதத்தில் பெங்களூரு கடைத்தெருக்கள் பத்து ஆண்டுகள் பின்னோக்கிப் போயின. யூபிஐ வழியாக வந்த வரவைக் கணக்கெடுத்து, ஆண்டுக்கு 40 லட்ச ரூபாயைத் தாண்டியும் ஜிஎஸ்டியில் பதிவு செய்யாத சிறு வியாபாரிகளுக்கு வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பத் தொடங்கியதும், பேக்கரி, காய்கறிக் கடை, காண்டிமென்ட்ஸ் எனப்படும் தின்பண்டக் கடை என்று பல இடங்களில் க்யூஆர் அட்டை மறைந்து, ‘யூபிஐ கிடையாது, ரொக்கம் மட்டும்’ என்று எழுதிய தாள்கள் தொங்கின. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், மார்ச் 26 அன்றும் ஏப்ரல் 12 அன்றும், நாடு முழுவதும் யூபிஐ முடங்கியிருந்தது. இடையில் மே 7 அன்று, போர் வந்தால் என்ன செய்வது என்ற சிவில் பாதுகாப்பு ஒத்திகை வேறு. அந்த ஆண்டு முழுவதும் அல்சூரிலும் காக்ஸ் டவுனிலும் இருக்கும் எங்கள் உறவுக்காரர்கள் கூடிய இடத்திலெல்லாம், வீட்டில் எவ்வளவு பணம் வைத்துக்கொள்ளலாம் என்ற கேள்வி தவறாமல் எழுந்தது.

கத்தியைக் காட்டி ஒருவன் கேட்டால் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்துவிட்டு, மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போகக்கூடிய தொகை எதுவோ, அதுவே வீட்டில் இருக்க வேண்டிய தொகை என்பது என் கருத்து. அவசரக் கையிருப்பையும் வீட்டுப் பாதுகாப்பையும் தனித்தனிக் காரியங்களாகவே பலரும் பேசுகிறார்கள். ஆனால் முதலாவது கூடக் கூட இரண்டாவது கடினமாகிறது. பீரோவில் ஐந்து லட்சம் இருக்கும் வீட்டில் சாவியைக் கொடுக்க யாராவது ஒருவர் தயங்குவார், அந்தத் தயக்கத்தில்தான் அடியும் வெட்டும் விழுகின்றன.

நான்கு பேர் கொண்ட நடுத்தரக் குடும்பத்தின் ஒரு வாரத் தேவையைக் கணக்கிட்டால், பெரும்பாலும் 15,000 முதல் 20,000 ரூபாய்க்குள் அடங்கிவிடும். பால், காய்கறி, மருந்து, ஆட்டோ ஆகியவற்றோடு இந்த ஊரில் தண்ணீர் லாரியையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். 2024 மார்ச் மாதத்தில் தண்ணீர்ப் பஞ்சம் முற்றியபோது, ஐந்து கிலோமீட்டருக்குள் வரும் 6,000 லிட்டர் லாரிக்கு 600 ரூபாய் என்று மாவட்ட நிர்வாகம் விலை நிர்ணயித்தது. அதற்கு முன்பு லாரிக்காரர் சொன்னதே விலையாக இருந்தது. 2022 செப்டம்பரிலோ நிலைமை தலைகீழ். அவுட்டர் ரிங் ரோடு பகுதியில் மக்கள் டிராக்டரில் அலுவலகம் போகும் அளவுக்கு வெள்ளம் நிற்க, மண்டியா மாவட்டத்திலுள்ள டி.கே.ஹள்ளி நீரேற்று நிலையத்துக்குள்ளும் மழைநீர் புகுந்ததால் காவிரித் தண்ணீர் பல பகுதிகளுக்கு வராமல் போயிற்று. மின்சாரம் இல்லாமல் கைபேசி அணைந்துவிட்டால், கணக்கில் எத்தனை லட்சம் இருந்தாலும் கேன் தண்ணீர் வாங்க அது உதவாது.

தொகையைக் காட்டிலும் நோட்டுகளின் மதிப்பு முக்கியம். இருபதாயிரத்தையும் 500 ரூபாய்த் தாள்களாக வைத்திருப்பவர், ஆட்டோக்காரரிடம் மீதி கேட்டு நிற்கும்போதுதான் அதன் பயனின்மையை உணர்வார். பாதிக்கு மேல் 100 ரூபாயாகவும், மீதி 50, 20, 10 ஆகவும் இருக்கட்டும். 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் சுமார் 86 சதவீதம் பயனற்றுப் போனது. ஏடிஎம்மில் முதல் சில நாட்களுக்குத் தினமும் 2,000 ரூபாய்தான் எடுக்க முடிந்தது. அப்போது நூறு ரூபாய்க் கட்டு வைத்திருந்த வீடுகளில் அடுப்பு தடையில்லாமல் எரிந்தது. (பல வீடுகளில் அம்மாக்கள் கடுகு டப்பாவிலும் புடவை மடிப்பிலும் சேர்த்திருந்த தொகையை அப்பாக்கள் அறிந்துகொண்டதும் அந்த மாதத்தில்தான், அதன் பிறகு அந்தச் சேமிப்பு இடம் மாறியிருக்கும் என்று நம்புகிறேன்.) அன்று வந்த 2,000 ரூபாய் நோட்டையும் 2023 மே 19 அன்று திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்துவிட்டது. ஆகவே எடுத்து வைத்த பணத்தை ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது வெளியே எடுத்துச் செலவழித்து, புது நோட்டுகளை வைப்பது நல்லது.

பூஜை அறை, பீரோவில் புடவைகளுக்கு அடியில், அரிசி டிரம் ஆகிய மூன்றும் நம் வீட்டாரைவிடத் திருடர்களுக்கு நன்றாகத் தெரிந்த இடங்கள். தொகையை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியைச் சுலபமாகக் கைக்கு எட்டும் பர்ஸிலும், மறு பகுதியை வேறு அறையிலும் வைக்கலாம். இரண்டும் எங்கே என்பது வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கு மேற்பட்ட சேமிப்புக்கு வங்கியே இடம். அதையும் ஒரே வங்கியில் வைக்கக் கூடாது. 2020 ஜனவரியில் பசவனகுடியைச் சேர்ந்த ஒரு கூட்டுறவு வங்கியின் வாடிக்கையாளர்கள் 35,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாதபடி ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்ததையும், கூடுதல் வட்டிக்காக ஓய்வூதியப் பணம் முழுவதையும் அங்கே போட்டிருந்த முதியவர்கள் வங்கி வாசலில் நின்றதையும் இந்த ஊர் மறந்திருக்காது. அடுத்த மாதமே, வங்கி முடங்கினால் வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் வைப்புக் காப்பீட்டுத் தொகையின் வரம்பு ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சமாக உயர்ந்தது. அந்த வரம்பு ஒரு நபருக்கு, ஒரு வங்கிக்கு. கணவன், மனைவி இருவரில் எவர் வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்கு ஒன்று அவசியம். வங்கி லாக்கரில் ரொக்கம் வைக்க விதி இடம் தருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் வைத்திருக்கும் ரொக்கத்துக்குச் சட்டம் உச்சவரம்பு எதுவும் சொல்லவில்லை என்றாலும், வருமான வரித் துறை கேட்டால் அது எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும்.

இனி கதவு. இந்த ஊரில் சிறு அடுக்ககங்களின் முன்கதவு பெரும்பாலும் தேக்கு, அதற்கு முன்னால் ஒரு கிரில் கேட், கேமராவுடன் கூடிய காலிங் பெல் என்று ஜோராக இருக்கும். சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கும் இயந்திரம் நிற்கும் யூட்டிலிட்டியின் கதவைப் பாருங்கள்: மழைச்சாரலில் ஊறி அடிப்பக்கம் உப்பிப்போன பிளைவுட், ஒற்றைத் தாழ்ப்பாள். முன்கதவிலும் பூட்டைவிடப் பலவீனமானது, அதன் நாக்கு போய் உட்காரும் நிலைப்பக்கத்துத் தகடு. தச்சர் அதை அரை அங்குலத் திருகாணிகளால் முடுக்கிவிட்டுப் போயிருப்பார். ஓங்கி ஓர் உதை விழுந்தால் பல ஆயிரம் ரூபாய்ப் பூட்டு அப்படியே இருக்க, மரம் பிளந்து தகடு தெறித்துவிடும். அந்தத் திருகாணிகளைக் கழற்றி, நிலைமரத்துக்குள் ஆழமாக இறங்கும் நீளமான திருகாணிகளை முடுக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. கேமரா வாங்குவதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை இது. ஜன்னல் கிரில்களில் ஒன்றையாவது உட்புறமாகப் பூட்டித் திறக்கும்படி அமைக்க வேண்டும், ஏனென்றால் தீப்பிடிக்கும்போது, திறக்க வழியில்லாமல் முழுவதும் வெல்டிங் செய்த கிரில் திருடனைத் தடுப்பதோடு நம்மையும் உள்ளே அடைத்துவிடும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் பால் பாக்கெட்டையும் செய்தித்தாளையும் நிறுத்திவிட்டுப் போவார்கள், ஆனால் கோலத்தை மறந்துவிடுவார்கள். தெருவில் எல்லா வாசலிலும் கோலமிருக்க, ஒரு வாசல் மட்டும் நான்கு நாள் வெறுமையாகக் கிடந்தால் அதைவிடத் தெளிவான அறிவிப்பு வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொன்னால் இரண்டு இழை இழுத்துவிடுவார். சீருடையையும் அடையாள அட்டையையும் பார்த்தவுடன் கதவைத் திறக்கும் வழக்கமும் ஒழிய வேண்டும்; 2025 நவம்பரில் இதே பெங்களூரில் ரிசர்வ் வங்கி அதிகாரிகள் என்று சொல்லிக்கொண்டு ஏடிஎம் பண வண்டியைப் பட்டப்பகலில் மடக்கி ஏழு கோடிக்கும் மேல் கொண்டுபோனார்கள்.

துப்பாக்கி உரிமம் பற்றிக் கேட்கும் இளைஞர்களும் உண்டு. ஆயுதச் சட்டத்தின்கீழ் உரிமம் பெறுவது எளிதன்று, பெற்றாலும் குழந்தைகள் உள்ள வீட்டில் அதனால் வரும் ஆபத்தே அதிகம் என்பது என் எண்ணம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டம், உயிரையும் உடைமையையும் காத்துக்கொள்ளும் உரிமையைத் தெளிவாகவே தருகிறது, இரவில் வீட்டை உடைத்து நுழைபவனை எதிர்ப்பது உட்பட. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்ய அந்த உரிமை நீளாது. பிடிபட்டவனைக் கம்பத்தில் கட்டி அடிப்பது தற்காப்பு ஆகாது. ஆள் உள்ளே வந்துவிட்டால், உட்புறம் தாழிடக்கூடிய ஓர் அறைக்குள் எல்லோரும் போய்ச் சேர்வதே முதல் வேலை. அந்த அறையில் சார்ஜ் உள்ள கைபேசியும் டார்ச்சும் ஒரு விசிலும் இருந்தால் போதும்.

இந்த ஊர்த் தமிழர்கள் 1991 டிசம்பரையும் 2016 செப்டம்பரையும் கடந்து வந்தவர்கள். காவிரிப் பிரச்சினையில் தெரு கொதித்த அந்த நாட்களில் பல குடும்பங்களைக் காப்பாற்றியது எதிர்வீட்டுக் கன்னடக் குடும்பம்தான் என்று எங்கள் தெருப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். வாசலில் நின்று, ‘இது எங்கள் வீடு’ என்று சொல்ல ஒருவர் இருக்க வேண்டுமானால், அவரோடு அதற்கு முன்பு பல ஆண்டுகள் கன்னடத்தில் பேசியிருக்க வேண்டும்.

அவசர உதவி எண் 112-ஐ அழைப்பதற்கும் அந்தக் கன்னடம் வேண்டும். ஊரிலிருந்து வந்து தங்கும் அத்தைகளுக்கும் பாட்டிகளுக்கும் தமிழ் மட்டுமே தெரியும் என்றால், ‘மனெகெ கள்ளரு பந்தித்தாரெ’ (வீட்டுக்குத் திருடர்கள் வந்திருக்கிறார்கள்) என்ற வாக்கியத்தையும் வீட்டு முகவரியையும் தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதி, தாழிடும் அறையின் கதவுக்கு உட்புறம் ஒட்டிவையுங்கள். பெங்களூரில் ஒரே பெயரில் ஐந்தாறு கிராஸ்கள் (குறுக்குத் தெருக்கள்) இருப்பதால், மெயின் ரோடு எண்ணோடு அருகிலுள்ள கோயில் அல்லது பேருந்து நிறுத்தத்தின் பெயரையும் அதில் சேர்த்துவிட வேண்டும்.