மகளின் டி ஆஃப் ஈ: ஓர் அப்பாவின் குறிப்புகள்

அக்டோபர் 3, 2024

பள்ளியிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் விருப்பமிருந்தால் டியூக் ஆஃப் எடின்பரோ விருது என்ற இளைஞர் திட்டத்துக்குப் பெயர் கொடுக்கலாமாம். இங்கே லண்டனில் யாரும் முழுப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை, டி ஆஃப் ஈ என்றால்தான் தெரியும். 14 வயதில் வெண்கலம், 15இல் வெள்ளி, 16இல் தங்கம் தொடங்கலாம். 25 வயது வரை நேரம் இருக்கிறது. மகளுக்குப் போன மாதம்தான் 14 முடிந்தது.

அலுவலகத்தில் பேச்சுவாக்கில் சொன்னேன், எதிர் மேசைக்காரர் அரை மணி நேரம் விடவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் மழையில் நடந்து குதிகாலில் வந்த கொப்புளத்தை நேற்று வந்தது மாதிரி விவரிக்கிறார். இவர்களுக்கு இது ஒரு சடங்கு போல.

இரவு கொஞ்சம் தேடிப் படித்தேன். எடின்பரோ டியூக்காக இருந்த இளவரசர் பிலிப் 1956இல் தொடங்கிய திட்டம். அவருடைய பள்ளித் தலைமையாசிரியர் குர்ட் ஹான் கொடுத்த யோசனை. நடத்த முதலில் அழைத்து வந்தது ஜான் ஹன்ட்டை, அதாவது 1953இல் எவரெஸ்ட் ஏறிய குழுவின் தலைவரை. பிள்ளைகளைக் காட்டில் நடக்க விடும் யோசனை இதில் ஏன் இத்தனை அழுத்தமாக உட்கார்ந்திருக்கிறது என்று இப்போது புரிகிறது. முதலில் பையன்களுக்கு மட்டும்தான், பெண் பிள்ளைகளுக்கு 1958இல்தான் வழி திறந்தது.

அக்டோபர் 13

வெண்கலத்துக்கு நான்கு பகுதிகள்: தன்னார்வப் பணி, உடற்பயிற்சி, ஒரு திறன், அப்புறம் பயணம். முதல் மூன்றும் தலா மூன்று மாதம், அதில் ஏதாவது ஒன்றை மட்டும் ஆறு மாதம் இழுக்க வேண்டும். வாரத்துக்குச் சராசரியாக ஒரு மணி நேரம். பயணம் இரண்டு பகல், ஒரு இரவு.

பெற்றோர் வாட்ஸாப் குழு அதற்குள் கொதிக்கிறது. எதைச் செய்தால் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எடுப்பாக இருக்கும் என்பதே பாதிப் பேச்சு. நம் ஊர் டியூஷன் புத்தி எந்தக் கண்டத்துக்குப் போனாலும் கூடவே பெட்டியில் வந்துவிடுகிறது.

உடற்பயிற்சிக்குப் பேட்மிண்டன், அதில் சண்டை இல்லை. திறனுக்கு வீணையைப் போட்டுவிடலாம், ஏற்கெனவே படிப்பதுதானே என்றாள் மனைவி. மகள் ஒத்துக்கொள்ளவில்லை. சைக்கிள் ரிப்பேர் கற்றுக்கொள்ளப் போகிறாளாம். தன்னார்வப் பணிக்கு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லித் தரலாம் என்றேன். "அப்பா, அங்க எல்லாருக்கும் உங்களத் தெரியும். என்னைத் தெரியாத இடமா வேணும்" என்றாள். கடைத்தெருவில் இருக்கும் ஒரு தொண்டு நிறுவனக் கடைக்குத் தானே போய்ப் பேசிவிட்டு வந்திருக்கிறாள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மதிப்பீட்டாளர் வேண்டும், குடும்பத்து ஆள் கூடாது என்பது விதி. நல்ல விதி. இல்லையென்றால் எங்கள் குழுவில் இந்நேரம் அத்தனை பேருக்கும் சான்றிதழ் எழுதி முடித்திருப்பார்கள்.

நவம்பர் 17

சனிக்கிழமை தோறும் கடை. வருகிற துணி மூட்டைகளைப் பிரிக்க வேண்டும், கிழிந்ததையும் கறை பட்டதையும் தனியே ஒதுக்க வேண்டும், மீதியை ஹேங்கரில் மாட்டி நீராவிக் கருவியால் சுருக்கம் எடுக்க வேண்டும். கருவியை மேலிருந்து கீழே இழுக்கக் கூடாதாம், கீழிருந்து மேலே போக வேண்டுமாம், அக்குளில் மட்டும் இரண்டு தடவை. வீட்டில் என் சட்டையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறாள். தன் சட்டையை மடித்து வைக்கச் சொன்னால் இன்னும் காது கேட்பதில்லை, அது வேறு கதை.

ஒரு பாட்டி நாலு கோட்டுகளைக் கொண்டு வந்து வைத்துவிட்டு, கணவருடையவை என்று சொல்லிக் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார். இவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மேலாளர் வந்து நாற்காலி போட்டு உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தாராம். அப்புறம் அதே பாட்டியிடம் 'கிஃப்ட் எய்ட்' படிவத்தில் கையெழுத்து வாங்கினார்களாம். கொடுப்பவர் வரி கட்டுபவராக இருந்தால், பொருள் விற்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் சேர்ந்து கிடைக்கும். துக்கமும் வரிக் கணக்கும் ஒரே மேசையில். எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது, அவளுக்கு உறுத்தவில்லை. "காசு வேணும்தானே அப்பா, அதுக்குத்தானே கடை" என்றாள்.

பிப்ரவரி 9, 2025

வீட்டுத் தோட்டத்தில் சைக்கிள் தலைகீழாக நிற்கிறது. டயரைக் கழற்றி, டியூபைத் தண்ணீர் வாளியில் அமுக்கிக் குமிழி தேடுவது கோவையில் எங்கள் தெருமுனைக் கடைக்காரர் செய்ததேதான், ஒன்றும் மாறவில்லை. செயினுக்கு எண்ணெய் விட்டபின் துடைத்தெடுக்க வேண்டுமாம், நான் இத்தனை வருஷம் துடைத்ததே கிடையாது.

செய்ததையெல்லாம் படத்தோடு இணையக் கணக்கில் ஏற்ற வேண்டும். இந்த எழுத்து வேலைதான் பிள்ளைகளைக் கவிழ்க்கிறது. வேலையை முடித்துவிட்டு மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்காமல் விட்டவர்கள் மேல் வகுப்புகளில் நிறைய இருக்கிறார்களாம்.

மார்ச் 22

வரைபடப் பயிற்சி. கைபேசியைப் பார்த்து வழி கண்டுபிடிக்கக் கூடாது, அவசரத்துக்கு மட்டும் பையில் மூடி வைத்திருக்கலாம். கையில் பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடம், நாலு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். கூடத்துத் தரையில் அதை விரித்துப் போட்டு நூலால் பாதையை அளந்துகொண்டிருந்தாள். தூரத்தை மணிக்கு நாலு கிலோமீட்டர் கணக்கில் வகுத்து, ஒவ்வொரு பத்து மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு நிமிடம் கூட்ட வேண்டும். 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொல்லி வைத்த கணக்கின் இந்தக் காலத்து வடிவம். வழி அட்டையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் திசை, தூரம், ஏற்றம், நேரம், ஏதாவது ஆனால் தப்பித்துப் போகும் வழி. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், கையைக் கட்டிக்கொண்டு.

மே 11

பயிற்சிப் பயணம் முடிந்தது. அதைவிட முந்தின வாரம்தான் பெரிய பயணம்.

முதுகுப்பை உடல் எடையில் கால் பங்கைத் தாண்டக் கூடாது என்கிறார்கள். இவள் 44 கிலோ, அதாவது 11 கிலோவுக்குள். கூடாரத்தில் தன் பங்கு, தூங்கும் பை, பாய், மழைச்சட்டை, தண்ணீர், சாப்பாடு எல்லாம் இதில் அடங்க வேண்டும். குளியலறைத் தராசில் வைத்து வைத்துப் பார்த்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். மனைவி உள்ளே வைத்த ஸ்வெட்டர்தான் முதலில் வெளியே வந்தது. பையும் கூடாரமும் பள்ளி இரவல் தந்தது. பூட்ஸ் நாங்கள் வாங்கினோம், விலை சொன்னால் வயிறு எரியும். கட்டணம், பூட்ஸ், மழைச்சட்டை எல்லாம் கூட்டினால் எல்லா வீட்டுக்கும் கட்டுபடியாகிற சமாச்சாரம் இல்லை இது.

மகளின் அம்மாயி, அதாவது என் மாமியார், வீடியோ அழைப்பில் வந்தார். "ஏனுங் மாப்ள, பொட்டப்புள்ளயக் காட்டுல கூடாரத்துல படுக்க வெப்பீங்களா? காசும் கட்டி?" நான் மனைவியைப் பார்த்தேன், மனைவி போனை மகளிடம் கொடுத்துவிட்டாள்.

கட்டுச்சோறு செல்லாது, அடுப்பு மூட்டிச் சமைத்தே ஆக வேண்டும். இவள் கொண்டுபோனது உப்புமா. ரவையைக் கடுகு, கறிவேப்பிலை, முந்திரியோடு வறுத்து ஜிப் பையில் போட்டாயிற்று, அங்கே வெந்நீர் மட்டும் போதும். டிராஞ்சியா என்ற ஸ்பிரிட் அடுப்பு. பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்குத் தெரியாது, அணைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி ஸ்பிரிட் ஊற்றினால் ஆபத்து, அதனால் ஆறும்வரை தொடவே கூடாது என்று எனக்கே பாடம் எடுத்தாள். மற்ற பிள்ளைகளின் பாஸ்தா பாதி வெந்து நின்றபோது உப்புமா ஐந்து நிமிடத்தில் தயார். உப்புமாவைக் கேட்டு வாங்கிச் சாப்பிடும் கூட்டத்தை நான் வாழ்க்கையில் கேள்விப்பட்டதில்லை.

ஜூன் 22

சில்டர்ன் குன்றுகளில் உண்மையான பயணம். நேற்றுக் காலை வெண்டோவரில் இறக்கிவிட்டோம், நல்ல வெயில். ஆறு பேர் குழு, ஆசிரியர் கூட நடக்க மாட்டார், குறிப்பிட்ட இடங்களில் மட்டும் காத்திருந்து பார்ப்பார். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது திட்டமிட்ட வேலை இருக்க வேண்டும், அதில் பாதியாவது நடை. ஓர் அம்மா மகனுடைய பையின் அடியில், இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் ஏர்டேக் வில்லையை வைத்துவிட்டதாகக் குழுவில் பெருமையாக எழுதினார். உடனே ஐந்து பேர் "என் பிள்ளையும் அதே குழுதான், எங்கே இருக்கிறார்கள்?" என்று கேட்டார்கள். பிள்ளைகளிடமிருந்து கைபேசியைப் பிரித்தது பிரித்தார்கள், பெற்றோரிடமிருந்து யார் பிரிப்பது?

பயணத்துக்கு ஒரு நோக்கமும் வேண்டும். இவர்கள் எடுத்தது ரெட் கைட் பருந்துகளை எண்ணுவது. இங்கிலாந்தில் அற்றுப்போயிருந்த பறவை, 1989 முதல் ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்து இந்தக் குன்றுகளில் விட்டார்கள், இப்போது தலைக்கு மேலே எப்போதும் வட்டமிடுகின்றன. பிளந்த வாலை வைத்து அடையாளம் தெரியும். கூம்ப் ஹில் உச்சியில் எண்ணிக்கை குழம்பிவிட்டதாம், ஒரே பருந்தை எத்தனை தடவை எண்ணினோம் என்று சண்டை.

பீச் மரக் காட்டுக்குள் எல்லாப் பாதையும் ஒரே மாதிரி இருந்திருக்கிறது. மஞ்சள் அம்பு நடைபாதை, நீல அம்பு குதிரையும் போகும் பாதை. நீலத்தைப் பிடித்து வெகுதூரம் இறங்கியபின் ஒரு பையன் சரிதான் என்கிறான், இவள் தப்பு என்கிறாள். திசைகாட்டியை வைத்துப் பார்த்து, இறங்கி வந்த வழியே ஏறித் திரும்பியிருக்கிறார்கள். அந்தப் பையன் சிரிப்பே இல்லாமல் மன்னிப்புக் கேட்டானாம், அதைத்தான் காரில் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆமர்ஷாம் தாண்டுவதற்குள் வாய் திறந்தபடி தூங்கிவிட்டாள். கார் முழுக்க சாக்ஸ் நாற்றம்.

ஜூலை 13

நான்கு பகுதிக்கும் ஒப்புதல் வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் காட்டுவது கூடாரப் படத்தைத்தான். என்னைக் கேட்டால் கடையில் நின்ற சனிக்கிழமைகளுக்குத்தான் மதிப்பெண் போடுவேன். இரண்டு நாளை யாரும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம். மழையோடு, தூக்கத்தோடு, பிறந்தநாள் அழைப்புகளோடு ஆறு மாதம் போய்க்கொண்டிருப்பது வேறு. கணக்குக்குத் தேவையான மாதங்கள் ஏப்ரலிலேயே முடிந்தன, இன்னும் போகிறாள்.

வெள்ளி நிலைக்கான படிவமும் வந்தாயிற்று. தன்னார்வப் பணி ஆறு மாதம், பயணம் மூன்று பகல் இரண்டு இரவு. மகள் ஏற்கெனவே நிரப்பி என் கையெழுத்துக்காகக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். பூட்ஸ் இப்போதே விரலைக் கடிக்கிறதாம். இரண்டு இரவு என்று அம்மாயிடம் யார் சொல்வது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.