ஓனிக்ஸ் வருமா

டிசம்பர் 4
ஓனிக்ஸ் ஆறு வரவில்லை.

டிசம்பர் 5
வானம் மூடிக்கிடக்கிறது, லேசாகப் பனி வேறு தூவியது. பனியாற்றின் மேல் புது வெள்ளை படிந்துவிட்டால் வெயில் பட்டுத் திரும்பிவிடும், உருகாது. அண்டார்க்டிகாவின் ரைட் பள்ளத்தாக்கு, மழையே இல்லாத இடம் இது. விழுகிற தூவலும் தரையை நனைக்காமல் அப்படியே ஆவியாகிப் போகும். கீழ் ரைட் பனியாறு உருகினால்தான் ஓனிக்ஸ். சில கோடையில் ஆறு வாண்டா ஏரி வரை வந்து சேராததும் உண்டு. அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 6
செத்துக் காய்ந்த சீல் கிடக்கும் இடத்துக்கு மறுபடி போனேன். தொடக்கூடாது, குனிந்து பார்க்கலாம். காற்று அடிக்கும் பக்கம் தோலை மணல் அரித்து விலா எலும்பு தெரிகிறது. தரையோடு ஒட்டிய பக்கம் ரோமம்கூட உதிரவில்லை. பற்கள் சீப்பு மாதிரி பிளவுபட்டவை, நண்டுண்ணி சீல்தான். 1903இல் துருவப் பயணி ஸ்காட்டின் ஆட்கள் பக்கத்து டெய்லர் பள்ளத்தாக்கில் இறங்கியபோதும் இப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறார்கள். கடலை விட்டுவிட்டு ஏன் இந்தப் பக்கம் வந்தது?

டிசம்பர் 8
வெளிச்சம்! வடக்கே ஒலிம்பஸ் தொடர், தெற்கே ஆஸ்கார்ட். வெளிறிய பாறைக்கு நடுவே டோலரைட் என்ற கரும்பாறையின் பட்டை, கண்ணுக்கெட்டிய தூரம் வரை. இந்த மலைகள் குறுக்கே நிற்பதால்தான் பீடபூமியின் பனி இங்கே இறங்கவில்லை. ஒரு மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டே நின்றேன்.

டிசம்பர் 9
மேற்குக் காற்று. கூடாரத்துக்குள் எல்லாவற்றிலும் மணல், தேநீரிலும். ஆனால் பீடபூமியிலிருந்து இறங்க இறங்கச் சூடேறும் காற்று இது. அடிக்கட்டும்.

டிசம்பர் 10
ஹெலிகாப்டர் இல்லை. தூக்கமும் இல்லை.

டிசம்பர் 12
வந்துகொண்டிருக்கிறது! காலையில் வானொலியில் சொன்னார்கள். ஆற்றுப்படுகையோடு கிழக்கே நடந்து எதிரில் போய்ப் பார்த்தேன். ஆறு என்று சொல்லவே முடியாது, ஒரு நாக்கு. முன்னால் தூசியும் நுரையும். ஒரு கல்லைச் சுற்றும், மணல் குடித்துவிடும், நிற்கும், பின்னாலிருந்து வந்த நீர் தள்ள மறுபடி ஒரு அடி. குழி வந்தால் நிரம்பும் வரை காத்திருக்கும். கூடவே நடந்தேன், அதைவிட மெதுவாக.

32 கிலோமீட்டர், அதுவும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அந்தச் சீல் போலவே.

டிசம்பர் 13
மூன்று மணி. ஆற்றின் நீர்மட்ட அளவுகோலின் அடியில் மணல் இன்னும் காய்ந்துதான் இருக்கிறது. காற்று நின்றுவிட்டது. ஏதோ சலசலக்கிற மாதிரி