செலஸ்டாவைத் தின்னாமல் கீறல் எடுப்பது

பழைய இசைத்தட்டு ஒன்றைக் கணினியில் ஏற்றி, கீறல் சத்தத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒருவழியாக முன்னிசை சுத்தமாகிவிட்டது. அமெரிக்கப் பாடகர் பிங் கிராஸ்பியின் 'ஒயிட் கிறிஸ்துமஸ்', நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டு, 1947 பதிவு. போர்க்காலத்துப் பதிவு 1942 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸில் எடுத்தது. விற்ற விற்பனையில் மூலத்தட்டே தேய்ந்துபோக, அதே ஜான் ஸ்காட் டிராட்டர் இசைக்குழுவையும் கென் டார்பி பாடகர்களையும் கூட்டி 1947இல் கிராஸ்பி மறுபடி பாடினார். முன்னிசையில் புல்லாங்குழலும் செலஸ்டாவும் (பியானோ போல் வாசிக்கும், மணி போல் ஒலிக்கும் கருவி) கேட்டால் அது 1947.

அந்தச் செலஸ்டாதான் உயிரை வாங்கியது. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில், கீறல் சத்தத்தைத் தானாக நீக்கும் கிளிக் ரிமூவலை ஓட்டினால், அதன் ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்தையும் கீறல் என்று நினைத்து மழுக்கிவிடுகிறது. மணி ஒலிக்க வேண்டிய இடத்தில் ஈரத்துணியைத் தட்டியதுபோல் ஒரு சத்தம். அளவைத் தளர்த்தினால் கீறல்கள் அப்படியே நிற்கின்றன. கடைசியில் அலைவடிவத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து 'ரிப்பேர்' கொடுத்தேன். ஒரு தடவைக்கு 128 சாம்பிளுக்கு (ஒலியலையின் நுண்துளிகள்) மேல் அது தொடாது. கீறல் என்றால் ஒற்றைக் குத்து, அவ்வளவுதான். செலஸ்டா என்றால் குத்துக்குப் பின்னால் அலை வரிசையாக அடங்கும். கண் பழகிவிட்டால் சரி.

78 தட்டுக்கான 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஊசி போட்டதிலேயே பாதி இரைச்சல் போய்விட்டது. பின்னால் வந்த எல்பி தட்டுகளுக்கான மெல்லிய ஊசியால் ஓட்டிவிட்டு 'பழைய தட்டு அப்படித்தான்' என்பவர்களிடம் பேசிப் பயனில்லை. தட்டை அனுப்பிய புண்ணியவான் வெறும் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டியதில் ஓரம் சில்லு பெயர்ந்திருக்கிறது. நல்லவேளை, பாட்டு பதிந்த பள்ளம் வரை போகவில்லை.

கரகரப்பு இருந்தால்தான் பழைய நினைவு வரும் என்கிறார்கள் சிலர். எனக்கு ஒப்பவில்லை. 1942இல் புதுத் தட்டு வாங்கிக் கேட்டவர்களுக்கே இது பனி விழும் பழைய கிறிஸ்துமஸை நினைத்து ஏங்கும் பாட்டுதான். இர்விங் பெர்லின் எழுதிய தொடக்கப் பகுதியில் ஆள் பெவர்லி ஹில்ஸ் வெயிலில், பனைமரங்களுக்கு நடுவில் இருக்கிறார். கிராஸ்பி அதைப் பாடவில்லை. அது இல்லாததால்தான் பசிபிக் தீவில் வியர்த்துக் கிடந்த சிப்பாய்க்கும் அதில் தன் ஊரைப் பொருத்திக்கொள்ள இடம் கிடைத்தது என்பது என் கணிப்பு. போர் என்ற பேச்சே பாட்டில் கிடையாது. 1943இல் கிராஸ்பி பாடிய 'ஐல் பி ஹோம் ஃபார் கிறிஸ்துமஸ்' இன்னும் ஒரு படி மேல்: வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கடைசியில் கனவில்தான் என்று முடிகிறது.

அடுத்து ஒரு வி-டிஸ்க் தேடுகிறேன். 1943 முதல் 1949 வரை அமெரிக்கப் படையினருக்கென்றே அச்சிட்ட 12 அங்குலத் தட்டு. தட்டு செய்ய இந்தியாவிலிருந்து போகும் அரக்குக்குப் போரில் தட்டுப்பாடு வந்ததால் பெரும்பாலும் வினைல், இரைச்சல் குறைவு. அப்புறம், கையிலிருக்கும் தட்டில் கோரஸ் பகுதியை இன்னும் தொடவே இல்லை. அங்கே செலஸ்டா தொல்லை இல்லை, 's' ஒலிகள்தான் சீறுகின்றன.