பீரோவில் கிடந்த கிரகணக் கண்ணாடி

பீரோவின் அடித்தட்டில், பழைய வரி ரசீதுகளுக்கு நடுவே, 2019 டிசம்பர் 26 அன்று சூரிய கிரகணம் பார்த்த அட்டைக் கண்ணாடிகள் இரண்டு கிடைத்தன. சூரியன் நெருப்பு வளையமாகத் தெரிந்தது கோவை, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம்தான். கடலூரில் எங்களுக்குப் பிறைச் சூரியனே வாய்த்தது. ஆழிப்பேரலையின் 15ஆம் நினைவு நாளும் அதுவே என்பதால், தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வேடிக்கை பார்க்கப் போக மனம் வராமல் மொட்டைமாடியில் நின்று பார்த்தோம்.

உண்மையில் அவை இரண்டாம் முறையாக வாங்கியவை. முதலில் இணையத்தில் வாங்கிய ஐந்து கண்ணாடிகளிலும் சூரியனைப் பார்க்கும் கண்ணாடிகளுக்கான பன்னாட்டுத் தரத்தைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 12312-2 என்ற எண் பளிச்சென்று அச்சாகியிருந்தது. ஆனால் வீட்டுக்குள் அணிந்து பார்த்தபோது சுவர்க் கடிகாரத்தின் முட்கள் தெரிந்தன. முறையான கண்ணாடி வழியே சூரியனையோ, அதுபோல் கண் கூசும் விளக்கையோ தவிர வேறொன்றும் தெரியக் கூடாது. எண்ணை யார் வேண்டுமானாலும் அச்சடித்துவிடலாம் என்பது அன்றுதான் உறைத்தது. அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டு, புதுச்சேரியில் அறிவியல் இயக்க நண்பர்களிடம் வாங்கிவந்தேன்.

அந்தத் தர எண் கேட்பது சாதாரணக் கறுப்பு அல்ல. கண்ணுக்குப் புலப்படும் ஒளியில் அதிகபட்சம் 0.0032 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ முப்பதாயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரலாம். புற ஊதா, அகச்சிவப்புக் கதிர்களுக்கும் தனி வரம்பு உண்டு. எங்கள் ஆயா அண்டாவில் சாணம் கரைத்து அதில் விழும் சூரியனைக் காட்டுவார். தண்ணீர்ப் பரப்பு ஒளியில் குறைந்தது 2 விழுக்காட்டையாவது திருப்பி அனுப்பும் என்பதால், அது அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் அறுநூறு மடங்குக்கும் மேல். (ஆயாவிடம் இந்தக் கணக்கைச் சொல்லும் துணிவு எனக்கு என்றும் வந்ததில்லை.) எக்ஸ்ரே படம் எலும்பு உள்ள இடத்தில் வெளுத்தும் மற்ற இடத்தில் கறுத்தும் இருப்பதால் அதையும் நம்ப முடியாது, குளிர்கண்ணாடியைப் பற்றிப் பேசவே வேண்டாம். விழித்திரைக்கு வலி தெரியாது. சூரியன் பாதி மறைந்து கூச்சம் குறைந்திருக்கும் வேளையில் கண்ணைத் திருப்பத் தோன்றாமல் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவோம். பார்வையின் நடுவில் கறை விழுந்தது சில மணி நேரம் கழித்தே தெரியவரும்.

வெல்டிங் கண்ணாடி நல்ல மாற்றுதான். ஆனால் மஞ்சக்குப்பத்து ஹார்டுவேர் கடையில் கேட்டபோது கருமையின் அளவைக் குறிக்கும் எண்களில் 10, 11 மட்டுமே இருந்தன. சூரியனுக்கு 12க்குக் குறையக் கூடாது, 14 என்றால் கண்ணுக்கு இதமாக இருக்கும். எண் தெரியாத கண்ணாடியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். பைனாகுலர் வைத்திருப்பவர்கள் சூரிய ஒளி வடிகட்டியை அதன் முன்பக்கத்தில் பொருத்த வேண்டும். அட்டைக் கண்ணாடியை அணிந்துகொண்டு பைனாகுலரில் பார்த்தால் குவிந்த வெப்பம் அந்தத் தாளையே பொசுக்கிவிடும்.

பீரோவில் கிடைத்த இரண்டையும் இருட்டறையில் டார்ச் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஒன்றில் மடிப்பின் மேல் ஊசிமுனையளவு ஒளி கசிந்தது. பிள்ளைகள் கையில் சிக்காதபடி அதைக் கத்தரித்துப் போட்டேன். மற்றது கீறலின்றி இருந்ததால் காகித உறையிலிட்டு வைத்திருக்கிறேன்.

2027 ஆகஸ்ட் 2 அன்று எகிப்தின் லக்சாரில் 6 நிமிடத்துக்கு மேல் முழு கிரகணம். நமக்கு மாலையில் பகுதி கிரகணம் மட்டுமே என்பதால் ஒரு நொடிகூடக் கண்ணாடியைக் கழற்ற முடியாது. கடைசி வாரத்தில்தான் போலிகள் பெருகும். ஆகவே இன்னும் மூன்று கண்ணாடிகளுக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். மாலைச் சூரியன் கடல் பக்கம் இராது, ஊர்ப்பக்கம்தான் இறங்கும். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைக்குமா என்பதை இந்த ஆகஸ்ட் மாதமே மாடியில் நின்று பார்த்துவிட வேண்டும்.