பின்கதவு மூடவில்லை

கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாங்கூழ் தொழிற்சாலைகளில் சீசன் தொடங்கிவிட்டால் யாருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. தோத்தாபுரி ஏற்றிய லாரிகள் இரவிலும் எடை மேடைக்கு வந்துகொண்டே இருக்கும். அப்படி ஓர் ஆலையில் எடைக் கணக்கு ஓடும் பழைய சர்வரை ஏப்ரலிலேயே மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன்.

சர்வரை மாட்டும் இரும்பு அலமாரியான ரேக்கின் ஆழம் 800 மி.மீ. புதிய சர்வரின் ஆழம் 715. எண்பத்தைந்து மிச்சம் என்று தாளிலேயே கழித்துப் பார்த்து ஆர்டர் போட்டுவிட்டேன். டேப்பை வெளியே பிடித்தேனே தவிர, கதவைத் திறந்து உள்ளே பிடிக்கவில்லை. தவறு அங்கேதான் நடந்தது. சர்வரைத் தாங்குவது முன் ரெயில், அதாவது ரேக்கின் முன்பக்கம் செங்குத்தாக நிற்கும் துளையிட்ட சட்டம். அது முன்கதவிலிருந்து 80 மி.மீ. உள்ளே தள்ளி இருந்தது. கதவுத் தகடுகளின் கனத்தையும் கழித்தால், முன் ரெயிலிலிருந்து பின்கதவு வரை 690 மட்டுமே. சர்வரின் பின்புறம் இரண்டரை சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால் கரண்ட் பிளக்கும் நெட்வொர்க் கேபிளும் வளைந்து திரும்ப இன்னும் 70 மி.மீ.யாவது வேண்டும்.

உடன் வேலை செய்யும் பையன், "அண்ணா, பின்கதவைக் கழற்றி வைத்துவிடலாமா?" என்று கேட்டான். பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். நான் சம்மதிக்கவில்லை. பழ வாசனைக்கு எலி வரும் இடம் அது; ஒரே இரவில் கேபிளைக் கடித்துவிட்டால் காலையில் வாசலில் நிற்கும் விவசாயிக்கு எடைச் சீட்டு கிடைக்காது. ரெயிலை முன்னால் நகர்த்திப் பார்த்தோம், நாற்பது மி.மீ. கிடைத்தது. போதவில்லை. 1000 மி.மீ. ஆழமுள்ள ரேக்கை வரவழைத்து, நான்கு நாள் தாமதமாக வேலையை முடித்தோம்.

அகலத்தில் இந்தத் தொல்லை குறைவு. முன் தகடு 19 அங்குலம், அதாவது 482.6 மி.மீ. என்பது நிலையான அளவு. இரண்டு ரெயில்களுக்கு இடையே 450 மி.மீ. திறப்பு இருக்கும். ரேக்குக்கென்று செய்யாத கேமரா ரெக்கார்டரை ஷெல்ஃபில் வைக்கும்போது மட்டும் அதை அளந்துகொள்ள வேண்டும். அதன் ரப்பர் கால்களையும் சேர்த்து உயரத்தையும்.

உயரம்தான் புதியவர்களைக் குழப்புகிறது. ரேக்கில் உயரத்தை 'யூ' (U) என்ற அலகில்தான் கணக்கிடுவோம். ஒரு யூ என்பது 44.45 மி.மீ., ரெயிலில் மூன்று துளைகள். ஆனால் துளைகள் சமதூரத்தில் இல்லை. மையத்துக்கு மையம் 15.9, 15.9, பிறகு 12.7 மி.மீ. என்று மாறி மாறி வரும். அந்தக் குறுகிய இடைவெளியின் நடுவில்தான் ஒரு யூ முடிந்து அடுத்தது தொடங்குகிறது. திருகைப் பிடிக்கத் துளையில் பொருத்தும் கேஜ் நட்டை ஒரு துளை தள்ளி மாட்டிவிட்டால் திருகு நேராக உட்காராது. எப்படியோ உட்கார்ந்தாலும் மேலே வரும் நெட்வொர்க் ஸ்விட்ச் இடிக்கும். எண் அச்சிடாத ரேக்கில் முதலில் மார்க்கரால் ஒவ்வொரு யூவின் எல்லையையும் கோடு போட்டுவிடுவேன். கால் மணி நேர வேலைதான். அதைத் தவிர்ப்பவர்கள் பின்பு ஒரு மணி நேரம் நட்டுகளைக் கழற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மாங்கூழ் ஆலைக்குப் பிறகு, வாங்கப்போகும் கருவியின் அளவுக்கு அட்டை வெட்டி எடுத்துப்போகிறேன். பின்னால் பிளக்குக்கும் கேபிளுக்கும் சேர்த்து 80 மி.மீ. நீட்டி வெட்டுவேன். அதை முன் ரெயிலில் வைத்து, இரண்டு கதவுகளையும் மூடிப் பார்த்த பிறகே ஆர்டர்.

போன வாரம் தருமபுரியில் ஒரு கிரானைட் ஆலையின் அலுவலகத்தில் பையனே அட்டையை வைத்துப் பார்த்தான். கதவு மூடியது. ஆனால் திறக்கும்போது பின்னால் இருந்த பீரோவில் இடித்துப் பாதியில் நின்றுவிட்டது. கதவின் அகலத்தைத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினோம். மேலாளர் ஆட்களைக் கூப்பிட்டு, கோப்புகளோடு அந்தப் பீரோவை எதிர்ச்சுவருக்கு நகர்த்தினார். சர்வருக்கு அன்று மாலைதான் ஆர்டர் போட்டேன்.